கோடை வருநாள்

சாந்தோம், சென்னை
20 ஏப்ரல் 1942

அன்பார்ந்த கஸ்தூரிரங்கன் அவர்களுக்கு,

வணக்கம். பொன்மலைக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தாங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. ரயிலில் நீரஜா அம்மாளுக்கு உட்கார இடம் கிடைத்ததா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதவும்.

மயிலாப்பூரைப் பார்த்தால் தங்களுக்கு அடையாளம் தெரியாது. குண்டு விழப்போகிறது என்று கிளம்பியவர்கள் பாதிப்பேர் சமையல் பாத்திரத்தைக்கூடத் திண்டுக்கல், சேலம் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். குளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் பூட்டுத்தான். நேற்று தங்கள் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தேன், பத்திரமாக இருக்கிறது. வாசல் கம்பியில் யாரோ ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அது நன்றாகக் கொழுத்திருக்கிறது. எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பதுங்குகுழி வெட்டியாயிற்று. என் தகப்பனார் எங்கேயும் வருவதாக இல்லை. "ஜப்பான்காரன் வந்தா, நான் தந்தி இலாகாவுல ரிடயர் ஆனவன்னு சொல்லிடறேன், விட்டுடுவான்" என்கிறார்.

இனி நம் வேலை. கோதண்டபாணியார் பங்குனியில் 'மொழித்துணை' பத்திரிகையை நம் இருவர் கையில் கொடுத்த நேரம், நல்ல நேரம் என்று சொல்ல முடியாது. ஆசிரியர்கள் இருவரில் ஒருவர் ஊரில் இல்லை. திருவல்லிக்கேணியில் அச்சகக்காரர் அப்துல் கஃபார் சாயபு இருக்கிறார். ஆனால் காகிதம் இல்லை. அறுபத்துநான்கு பக்கம் போட்ட இடத்தில் இனி முப்பத்திரண்டுதான் என்று கையை விரித்துவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. எதை விடுவது என்று நாமாக முடிவு செய்யத் தயங்கினோம், காகிதம் முடிவு செய்துவிட்டது. என் யோசனைகள் இவை. இதழின் முகப்பில் புரவலர்களைப் புகழும் செய்யுட்கள் வேண்டாம். கோதண்டபாணியார் இருபத்திரண்டு வருஷமாக அனுமதிக்காத மறுப்புக் கட்டுரைகளுக்கு இடம் கொடுப்போம். வருகிற கட்டுரைகளை எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுப் படிப்போம். தங்களுக்கு வருவதை நீங்கள் பெயரை ஒட்டி மறைத்து எனக்கு அனுப்புங்கள், எனக்கு வருவதை நான் அப்படியே செய்கிறேன்.

இன்னொன்று. அட்டையில் என் பெயர் 'ஐ. ராஜநாயகம்' என்று வரக்கூடாது. ஆறு வருஷமாக என் கட்டுரைகளில் அப்படித்தான் வருகிறது. இன்றைக்கும் எனக்கு 'ஸ்ரீமான்' போட்டுத்தான் கடிதம் வருகிறது. 'ஐவி' என்று முழுதாகப் போடவேண்டும்.

பதில் எதிர்பார்க்கும்,
ஐவி ராஜநாயகம்


பொன்மலை
29 ஏப்ரல் 1942

அன்புள்ள சகோதரி ஐவி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். சுகமாக இருக்க இடம்தான் இல்லை. என் மைத்துனருக்கு ரயில்வேயில் கொடுத்த வீட்டில் மூன்று குடும்பங்கள் இருக்கிறோம். நான் எழுதுவது சமையலறை மேடையில், நீரஜா தோசைக்கு அரைத்து முடித்துவிட்டு இடம் விட்ட பிறகு. காகிதத்தில் மாவு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ரயிலில் அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்குத்தான் திண்டிவனம் வரை ஒரு காலுக்கு மட்டும் இடம் கிடைத்தது.

கன்றுக்குட்டியை அவிழ்க்கவேண்டாம். வீட்டில் ஏதாவது ஒரு ஜீவன் இருக்கட்டும்.

புகழ்ச் செய்யுட்களை நிறுத்துவதில் எனக்குப் பூரண சம்மதம். திட்டி வரும் கடிதங்களைத் தாங்கள் வாங்கிக்கொள்ளவேண்டும், ஏனென்றால் தாங்கள்தான் ஊரில் இருக்கிறீர்கள். அட்டையில் ஐவி என்றே வரும். இதைக் கேட்கவும் வேண்டுமா? அச்சகத்துக்கு நானே தனியாக எழுதிவிட்டேன்.

பெயரை மறைக்கும் விஷயத்தில்தான் எனக்குச் சங்கடம். எழுதியவர் இன்னார் என்று தெரிந்தால்தானே ஒரு கட்டுரையை எந்தக் கண்ணோடு படிப்பது என்று தெரியும்? இதை நீரஜாவிடம் சொன்னேன். "அதனாலதான் மறைக்கச் சொல்றா" என்றாள். சரி, மறைப்போம்.

மறுப்புக் கட்டுரைகளைப் பொறுத்தவரை தாங்கள் கதவைக் கொஞ்சம் திறக்கச் சொல்கிறீர்கள். நான் கதவையே கழற்றிவிடலாம் என்கிறேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மறுக்காமல் இருபத்திரண்டு வருஷம் ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகை நடந்தது என்றால் வெளியார் என்ன நினைப்பார்கள்? யாரை வேண்டுமானாலும் மறுக்கட்டும். உங்களை, என்னை, கோதண்டபாணியாரையே மறுக்கட்டும்.

என் 'கழிமுகக் கலம்பக'ப் பதிப்பு கஃபார் சாயபுவிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்கவும். முன்னுரை அச்சாகிவிட்டது என்று எழுதியிருந்தார். நூலும் தையில் வந்துவிட்டால் நல்லது. அதில் நான் கண்டுபிடித்த அந்தக் கொடை மன்னனோடு நான் குடித்தனம் நடத்தத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகப்போகிறது. நீரஜாவுக்கு அவனைப் பிடிக்கவில்லை.

தங்கள் தகப்பனாருக்கு என் நமஸ்காரம்.

கஸ்தூரிரங்கன்


சாந்தோம்
14 மே 1942

அன்பார்ந்த கஸ்தூரிரங்கன் அவர்களுக்கு,

வணக்கம். மாவு ஒட்டிய கடிதத்தை அப்பா மோந்து பார்த்துவிட்டு, "நல்லாப் புளிச்சிருக்கு" என்றார்.

மந்தைவெளிக்குப் போய்க் கோதண்டபாணியாரைப் பார்த்தேன். கண்ணில் புரை முழுவதும் மூடிவிட்டது. வெளிச்சம் இருட்டு மட்டும் தெரிகிறது. நாம் செய்யப்போகும் மாறுதல்களைச் சொன்னேன். புகழ்ச் செய்யுட்களை நிறுத்துகிறோம் என்றதும் சிரித்தார். தம்மால் முடியாத காரியம் என்றார். மறுப்புக் கட்டுரை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, "பத்திரிகை உங்களுது" என்று மட்டும் சொன்னார்.

ஆடி இதழுக்குக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. மூன்றைப் பெயரை மறைத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நான்காவதும் ஒன்று இருக்கிறது. அதன் பெயரை மறைத்துப் பயனில்லை. அதை எழுதியவள் நான். மறுக்கப்படுவது தங்கள் கொடை மன்னன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கலம்பகத்தின் முப்பதாம் பாட்டில், தங்களுக்குக் கிடைத்த ஏட்டில் முதல் மூன்று அடியும் செல்லரித்துப் போய்விட்டது. கடைசி அடி மட்டும் நின்றது. அதைத் தாங்கள் 'கொடை வருநாள் கலந்துறை நீங்கின' என்று படித்தீர்கள். கொடை கொடுக்கும் நாள் வந்ததும் கப்பல்கள் துறையை விட்டுப் புறப்பட்டன, ஆகவே கடல் கடந்து பரிசில் அனுப்பிய ஒரு மன்னன் இருந்தான், அவன் காலமே நூலின் காலம் என்று எழுதினீர்கள்.

பழவேற்காட்டில் என் சித்தப்பா வெள்ளைத்துரை வைத்தியர். அவருடைய மருந்துச் சுவடிக் கட்டில் இந்தக் கலம்பகத்தின் சில ஏடுகள் கலந்து கிடந்தன. அதில் முப்பதாம் பாட்டு முழுதாக இருக்கிறது. முதல் மூன்று அடியும் வாடை, ஓடை, பேடை என்று தொடங்குகின்றன. ஏட்டில் கொ, கோ என்ற குறில் நெடில் வித்தியாசம் இல்லாமல்தான் எழுதுவார்கள் என்று தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எதுகைப்படி நான்காம் அடியும் நெடிலில்தான் தொடங்கவேண்டும். அது கொடை இல்லை. கோடை. கோடை என்னும் மேல்காற்று அடித்ததும் படகுகள் கரையை விட்டுக் கிளம்பின. அவ்வளவுதான் பாட்டு. அதில் மன்னன் இல்லை.

இதை 1936இலேயே எழுதிக் கோதண்டபாணியாருக்கு அனுப்பினேன். மறுப்பு நம் பத்திரிகையில் வழக்கமில்லை என்று திரும்பி வந்தது. அப்போது தங்களை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சொல்ல வாய் வரவில்லை. இப்போது நாம் கதவைக் கழற்றிவிட்டோம். என் கட்டுரையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நான் ஆசிரியையாக உட்கார்ந்திருக்க முடியாது.

கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். இது நல்லதா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தாங்களும் சொல்லக்கூடாதுதான். என்ன செய்யலாம்?

அன்புடன்,
ஐவி


பொன்மலை
27 மே 1942

'மொழித்துணை' இணையாசிரியர் அவர்களுக்கு,

கட்டுரைகள் நான்கும் கிடைத்தன. முதல் மூன்றைப் பற்றி என் அபிப்பிராயம் தனித்தாளில்.

நான்காவதைப் பற்றி. தாங்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். போன வருஷம் மயிலாப்பூரில் அந்த மன்னனைப் பற்றி நான் ஒன்றரை மணி நேரம் பேசியபோது இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். முடிந்ததும் 'நன்றாக இருந்தது' என்றீர்கள். எது நன்றாக இருந்தது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

என் முன்னுரை நாற்பது பக்கமும் அச்சாகிக் கிடக்கிறது. இன்றைய நிலையில் அதைத் தூக்கிப் போட்டால் மறுபடி அச்சடிக்கக் காகிதம் கிடையாது. இது தங்களுக்குத் தெரியும்.

எனக்கு யோசிக்க அவகாசம் வேண்டும்.

இப்படிக்கு,
ஆ. கஸ்தூரிரங்கன்


சாந்தோம்
12 ஜூன் 1942

அன்பார்ந்த கஸ்தூரிரங்கன் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாகத் தபால்காரரைப் பார்த்தாலே அப்பா என் முகத்தைப் பார்க்கிறார். தங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் என்னிடம், "உண்மை சொல்றது தப்பில்லம்மா. ஆறு வருஷம் கழிச்சுச் சொன்னா கேக்கறவனுக்கு அந்த ஆறு வருஷமும் சேர்ந்து வலிக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் சொன்னது சரி என்றும் பட்டது.

அன்றைக்குப் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. கப்பல்கள் புறப்படுகிற இடத்தைத் தாங்கள் சொன்னபோது கூட்டம் முழுதும் மூச்சுவிடாமல் கேட்டது. நானும் கேட்டேன். அந்த மன்னன் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கும் இருந்தது. அதைத்தான் நன்றாக இருந்தது என்றேன். மற்றதைச் சொல்லாமல் விட்டேன். அது தங்களுக்கு நான் செய்த மரியாதை என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஆனால் கட்டுரையை எழுதியதற்காக நான் வருத்தப்படுவதாகச் சொன்னால் அது பொய்.

ஆடி இதழில் அதற்கு வைத்த எட்டுப் பக்கத்தையும் காலியாகவே விட்டிருக்கிறேன். கஃபார் சாயபு அவசரப்படுத்துகிறார். இந்தக் கட்டுரை போகக்கூடாது என்று தாங்கள் நினைத்தால் காரணத்தோடு எழுதுங்கள். காரணம் சரியாக இருந்தால் நானே எடுத்துவிடுகிறேன். வலிக்கிறது என்பது மட்டும் காரணமாக இருந்தால் எடுக்கமாட்டேன்.

மயிலாப்பூருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் திரும்புகிறார்கள். தங்கள் தெருவில் இரண்டு வீட்டில் விளக்கு எரிகிறது. நீரஜா அம்மாள் சுகமா?

ஐவி


பொன்மலை
3 ஜூலை 1942

அன்புள்ள சகோதரி ஐவி அவர்களுக்கு,

நான் சென்னைக்கு வந்துபோன செய்தி தங்கள் தகப்பனார் லியோனார்ட் ஐயா சொல்லித் தெரிந்திருக்கும். கல்லூரி எப்போது திறக்கும் என்று விசாரிக்க வந்தேன். காரியம் முடிந்ததும் நேரே சாந்தோமுக்குத்தான் வந்தேன். தாங்கள் பழவேற்காட்டுக்குப் போயிருப்பதாக லியோனார்ட் ஐயா சொன்னார். காபி கொடுத்தார். சர்க்கரை இல்லை என்று வெல்லம் போட்டிருந்தார். அந்தக் காபியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆறு வருஷம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆகவே கோபம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

தாங்களும் தீர்ப்புச் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது என்றால் மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். தங்கள் கட்டுரையை எடுத்துக்கொண்டு மந்தைவெளிக்குப் போனேன். கோதண்டபாணியாரால் படிக்க முடியாது, யாராவது படித்துக் காட்டவேண்டும். வேறு யார் குரலிலோ அது அவர் காதில் விழுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நானே படிப்பது என்று தீர்மானித்தேன். நம் விதிப்படி எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. "மறுப்பு ஒண்ணு வந்திருக்கு, நான் எழுதின கொடைக் கட்டுரைக்கு. கேட்டுட்டுப் போடலாமா வேண்டாமான்னு சொல்லணும்" என்றேன். அவர் சாய்வுநாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் இரண்டு பக்கம் வேகமாகப் படித்துவிட்டேன். பிழையைச் சொல்வதற்கு முன்னால் என் கட்டுரையில் எதெது நல்லது என்று தாங்கள் எழுதியிருக்கும் பகுதி. அதை முன்பு பொன்மலையில் கோபத்தோடு படித்தபோது முகஸ்துதி என்று நினைத்திருந்தேன். வாய்விட்டுப் படிக்கும்போது அப்படித் தெரியவில்லை. பிறகு பழவேற்காட்டு ஏடு வந்தது. வாடை, ஓடை, பேடை என்று மூன்று அடியின் தொடக்கத்தையும் படித்தேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

"இன்னாப்பா நிறுத்திட்டே? படி" என்றார்.

அடுத்த தாளைத் தேடுகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் விரலால் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டு இருந்தார். வாடை, ஓடை, பேடை என்று இரண்டு தடவை தமக்குத்தாமே சொன்னார். மூன்றாம் தடவை, நான் படிப்பதற்கு முன்பே, "கோடை" என்றார். என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, உள்ளே இருந்து மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆயிற்று.

"அந்த ராஜாவை நாம ரெண்டு பேருந்தான் பெத்துப் போட்டோம், கஸ்தூரி. நீ எழுதினே, நான் போட்டேன். கப்பல்ல ஏத்தி அனுப்பியும் வுட்டோம்" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருஷமாக அந்த மன்னனை நினைத்து ஒருநாளும் நான் சிரித்ததில்லை. மீதியையும் படித்து முடித்தேன். முடித்ததும் அவர் கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "இருபத்திரெண்டு வருஷம் பத்திரிகை நடத்தினேன். தன்னையே மறுத்து எழுதிக்கினு வந்தவன் ஒருத்தனும் இல்லே. உனக்குத்தான் அந்த மனசு வந்துது" என்றார்.

நான் எழுதியது என்று நினைத்துவிட்டார்.

ஐவி, இதைத் தங்களிடம் சொல்லவேண்டும். நான் உடனே மறுக்கவில்லை. அந்தப் பிடியில் கை இருந்தது, இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். தோற்றவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. பிறகு தங்களை நினைத்தேன். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, சொல்ல வாய் வராமல் இருந்தது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது ஒரு நிமிஷம். தங்களுக்கு ஆறு வருஷம்.

"நான் எழுதலை. எழுதினது மிஸ் ராஜநாயகம்" என்றேன்.

அவர் என் கையை விடவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு முந்தி ஒண்ணு அனுப்பிச்சுதே, அதுவா?" என்று கேட்டார்.

"அதேதான்."

"அதை நான் படிக்கவே இல்லப்பா. மேல மறுப்புன்னு போட்டிருந்துது. அப்பிடியே திருப்பி அனுப்பிட்டேன். கண்ணு நல்லா இருக்கச்சொல்ல படிக்கலே" என்றார்.

ஆடி இதழில் அதை முதலில் போடும்படி சொன்னார். கிளம்பும்போது வாசல் வரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, தங்களை ஒருநாள் வரச்சொன்னார். மெத்தப் பேசமாட்டார். ஆனாலும் போய்விட்டு வாருங்கள்.

அங்கிருந்து நேரே கஃபார் சாயபுவிடம் போனேன். முன்னுரையை விட்டுவிடுங்கள், வேறு எழுதித் தருகிறேன், நாற்பது பக்கம் வேண்டாம், எட்டுப் பக்கம் போதும் என்றேன். அவர் அச்சடித்த தாள்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டுப் பக்கத்துக்குக் காகிதம் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்.

தங்கள் கட்டுரைக்கு அடுத்த பக்கத்தில் போட ஒரு சிறு ஏற்புரை இத்துடன் இருக்கிறது. கொடை என்று நான் படித்தது பிழை, கோடை என்பதே சரி. இதை என் பெயரோடு போடவும். மறைக்கவேண்டாம்.

கஸ்தூரிரங்கன்

நீரஜா கேட்கிறாள்: பழவேற்காட்டில் அந்த ஏட்டை அவளும் பார்க்கலாமா?


சாந்தோம்
10 ஆகஸ்ட் 1942

அன்புள்ள கஸ்தூரிரங்கன் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். அது பிழை. பதுங்குகுழிப் பயிற்சிக்கு மணி அடித்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆகாய விமானம் வந்திருந்தால் இறந்து போயிருப்பேன் என்று தலைமை ஆசிரியை கோபித்துக்கொண்டார்.

மந்தைவெளிக்குப் போனேன். தாங்கள் சொன்னபடி அவர் மெத்தப் பேசவில்லை. நான் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். கண் தெரியாதவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும்போது நான் என்ன செய்வது? நானும் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எதுகையைப் பற்றிக் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். கிளம்பும்போது ஐப்பசி இதழுக்கு ஒரு கட்டுரை சொல்லட்டுமா, யாராவது எழுதிக்கொள்வார்களா என்று கேட்டார். பெயரை மறைத்துத்தான் படிப்போம் என்றேன். அப்படித்தான் படிக்கவேண்டும் என்றார்.

இதழ் வந்துவிட்டது. ஒரு பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். சுற்றியிருக்கும் தாளைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பாருங்கள். மேலுறைக்குக் காகிதம் எங்கேயும் கிடைக்கவில்லை. கஃபார் சாயபு தங்கள் பழைய முன்னுரையை எடுத்து, அதில்தான் சந்தாதாரர் எல்லோருக்கும் இதழைச் சுற்றி அனுப்பியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வீணாப் போவ வேணாம்னு பார்த்தேன்" என்கிறார். தங்கள் மன்னன் இப்போது கப்பலில் இல்லாவிட்டாலும் தபாலில் நாடு முழுதும் போய்க்கொண்டிருக்கிறான். எனக்கு மிகவும் வருத்தம். அப்பா இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நீரஜா அம்மாள் எப்போது வந்தாலும் நானே பழவேற்காட்டுக்கு அழைத்துப்போகிறேன்.

அன்புடன்,
ஐவி


பொன்மலை
4 அக்டோபர் 1942

அன்புள்ள ஐவிக்கு,

ஆகஸ்டில் நடந்த அமளியில் தண்டவாளம் பெயர்ந்து, தபால் நின்று, தங்கள் கடிதமும் இதழும் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தன. மேலுறையைப் பார்த்தேன். எனக்கு வந்த பிரதியில் கப்பல்கள் கிளம்பும் பக்கம் இருந்தது. நீரஜா அதை எடுத்து இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறாள். இப்போதுதான் அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறதாம்.

கடிதங்கள் எனக்கும் வந்தன. தஞ்சாவூரிலிருந்து ஒருவர், புகழ்ச் செய்யுள் இல்லாத பத்திரிகை விளக்கில்லாத வீடு என்று எழுதிச் சந்தாவை நிறுத்திவிட்டார். திருநெல்வேலியிலிருந்து ஒருவர், தம் கட்டுரையை மறுத்து யாராவது எழுதுவார்களா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஒருவரும் எழுதவில்லை என்பது பெரிய குறையாக இருக்கிறது. என் பழைய மாணவன் ஒருவன், நான் பிழையை ஒப்புக்கொண்டதைப் படித்துவிட்டு, அவன் பரீட்சையில் நான் போட்ட மதிப்பெண்ணையும் மறுபடி பார்க்க முடியுமா என்கிறான்.

கல்லூரி திறக்கப்போகிறது. தீபாவளிக்கு முன்பே ஊர் திரும்புகிறோம். வீட்டில் மழைத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கன்றுக்குட்டியின் சொந்தக்காரரையும் கண்டுபிடித்து வைக்கவும். தீபாவளியன்று வழக்கம்போல் தாங்களும் தகப்பனாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடவேண்டும். இந்தத் தடவை எதைப் பற்றியும் நான் பேருரை செய்யமாட்டேன்.

கஸ்தூரிரங்கன்


சாந்தோம்
16 அக்டோபர் 1942

அன்புள்ள கஸ்தூரிரங்கன் அவர்களுக்கு,

வீட்டில் தண்ணீர் இறங்கவில்லை. பின்கட்டில் ஒரு ஓடு மட்டும் நகர்ந்திருந்தது, சரி செய்தாயிற்று. கன்றுக்குட்டிக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை. இப்போது அதைக் கன்றுக்குட்டி என்று சொல்ல முடியாது. நீரஜா அம்மாள் வந்து முடிவு செய்யட்டும். அரிசி, விறகு, ஒரு வாரத்துக்குப் பால் எல்லாவற்றுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறோம். அப்பா சட்டைக்குக் கஞ்சி போட ஆரம்பித்துவிட்டார்.

இப்போது ஒரு விஷயம். ஆடி இதழில் தங்கள் ஏற்புரையை அச்சுக்குப் போகும் அவசரத்தில் பார்த்தேன். போன வாரம்தான் நிதானமாகப் படித்தேன். தாங்கள் ரொம்பவும் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். மன்னன் போனது சரி. மன்னன் போனதால் நூலின் காலத்தைப் பற்றித் தாங்கள் சொன்னது முழுதும் போய்விட்டது என்று மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நூலின் மொழிநடையை வைத்துத் தாங்கள் 1933இல் சொன்ன காலம் இன்றைக்கும் நிற்கிறது. அதற்கு மன்னன் தேவையே இல்லை. தங்கள் பக்கத்தில் இருந்த நியாயத்தையும் சேர்த்துத் தாங்களே குப்பையில் போட்டதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான்கு பக்கத்துக்கு ஒரு மறுப்பு எழுதியிருக்கிறேன். தை இதழில் இடம் இருக்கிறது. இந்தத் தடவை ஆறு வருஷம் காத்திருக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் நேரில் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ரயிலிலேயே படித்துவிட்டீர்களானால், வந்து இறங்கிய அன்றைக்கே சண்டையை ஆரம்பித்துவிடலாம்.

மறுபடியும் தங்களை மறுக்கும்,
ஐவி